எக்ஸ்போர்ட் நேரம் எங்கே செலவாகிறது: ஒரு நாட்குறிப்பு

திங்கள்

திருத்தி முடித்த காணொளியை ஒரே கோப்பாக எடுக்கும் எக்ஸ்போர்ட், பார்ப்பவருக்கு ஒற்றை வேலையாகத் தோன்றினாலும், கணினிக்குள் அது மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. கேமரா சுருக்கிப் பதிந்த படங்களை விரித்தெடுப்பது டிகோடிங். விரித்த ஒவ்வொரு ஃபிரேமிலும் நிறத்திருத்தம், எழுத்து, மங்கல் முதலியவற்றைக் கணக்கிட்டு ஏற்றுவது ரெண்டரிங். உருவான ஃபிரேம்களை மீண்டும் சுருக்கி எழுதுவது என்கோடிங். இக்கட்டங்கள் பெரும்பாலும் ஒரே சமயத்தில் இயங்குவதால், அவற்றுள் மிக மெதுவானதே முழு வேகத்தையும் முடிவு செய்கிறது. விநாடிக்கு 25 ஃபிரேம் கொண்ட ஒரு மணி நேரத் திருமணப் படத்தில் 90,000 ஃபிரேம்கள் உள்ளன. ரெண்டரிங் விநாடிக்கு 10 ஃபிரேம்களையே முடிக்குமானால், என்கோடர் 60 ஃபிரேமைச் சுருக்க வல்லதாயினும் 120ஐச் சுருக்க வல்லதாயினும், காத்திருப்பு இரண்டரை மணி நேரமாகவே இருக்கும். தடை எங்கே என்று அறியாமல் புதிய பாகம் வாங்குவோரின் பணம் வீணாவது இதனால்தான்.

செவ்வாய்

தடையைக் கண்டறியத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் பக்கம், பொதுக் கணக்கீட்டையும் காணொளி விரித்தலையும் காணொளிச் சுருக்கத்தையும் தனித்தனி வரைபடங்களாகக் காட்டுகிறது. செயலியின் மொத்த விழுக்காட்டை மட்டும் நம்புவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். 8 கோர் கொண்ட செயலியில் ஒரு கோர் மட்டும் முழுமையாக உழைக்கும்போது மொத்தம் ஏறத்தாழ 12 விழுக்காடாகவே தெரியும், ஆனால் அந்த ஒரு கோர்தான் மற்ற அனைத்தையும் காக்க வைத்துக்கொண்டிருக்கலாம். கோர்களைப் பெருக்குவதற்கும் எல்லை உண்டு என்பதை ஜீன் ஆம்டால் 1967இல் விளக்கினார்: ஒரு வேலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பகிர்ந்து செய்ய இயலாதெனில், எத்தனை கோர்கள் சேர்ந்தாலும் அவ்வேலை ஐந்து மடங்குக்கு மேல் விரைவுபடாது.

புதன்

என்கோடிங்தான் தடை என்று தெரியவரும்போது தீர்வு பெரும்பாலும் கணினிக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல் 2011இல் குயிக் சிங்க் என்ற பெயரிலும், என்விடியா 2012இல் என்வென்க் என்ற பெயரிலும், காணொளியைச் சுருக்குவதற்கென்றே தனிச் சுற்றுகளைத் தம் சிப்புகளில் அமைத்தன. எக்ஸ்போர்ட் அமைப்பில் மென்பொருள் என்கோடிங்கை விடுத்து வன்பொருள் என்கோடிங்கைத் தேர்ந்தால் இச்சுற்றுகள் பணிக்கு வருகின்றன. ஒரே பிட்ரேட்டில், அதாவது ஒரு விநாடிக் காட்சிக்கு ஒதுக்கும் தரவின் அளவில், எக்ஸ்264 போன்ற மென்பொருள் என்கோடர் தன் மெதுவான அமைப்பில் தரும் தெளிவை இவை பொதுவாக எட்டுவதில்லை. பிட்ரேட்டைச் சற்று உயர்த்துவதே அதற்கு ஈடு. யூடியூப் தன்னிடம் வரும் ஒவ்வொரு கோப்பையும் எப்படியும் மீண்டும் சுருக்குவதால், அங்கு ஏற்றும் கோப்பைச் சிறியதாக்க இரவெல்லாம் கணினியை உழைக்க விடுவதற்கு நியாயமில்லை. விநாடிக்கு 25 ஃபிரேம் கொண்ட 4கே காணொளிக்கு அத்தளம் பரிந்துரைப்பது விநாடிக்கு 35 முதல் 45 மெகாபிட். அதற்குச் சற்று மேலே வைத்து வன்பொருளிடம் ஒப்படைப்பதே தக்கது.

வியாழன்

எஸ்எஸ்டி வாங்கினால் எக்ஸ்போர்ட் விரைவுபடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் விநாடிக்கு 50 மெகாபிட் கோப்பை எழுத விநாடிக்கு 6.25 மெகாபைட் வேகம் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கும் இதைவிடப் பல மடங்கு வேகமாக எழுதும்.

வெள்ளி

டிகோடிங் பலரும் கவனிக்காத தடையாகும். எச்.264, எச்இவிசி ஆகிய சுருக்க முறைகள் பெரும்பாலான ஃபிரேம்களில் அண்டை ஃபிரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டுமே பதிவதால், ஒரு ஃபிரேமை விரிக்கப் பல ஃபிரேம்களை விரிக்க வேண்டியிருக்கிறது. நிறத் தகவலை மிகுதியாகக் காக்கும் 10 பிட் 4:2:2 பதிவு இன்னும் கடினமானது. எச்இவிசியில் பதிவான அத்தகைய காட்சியை இன்டெலின் 11ஆம் தலைமுறைச் செயலிகளில் உள்ள கிராபிக்ஸ் பகுதி நேரடியாக விரிக்க வல்லது. என்விடியாவிலோ 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையே அதற்கு வழி செய்தது. விலை குறைவென்று இன்டெலின் ‘எஃப்’ வகைச் செயலியை வாங்குவோர், அதில் கிராபிக்ஸ் பகுதி இயங்காது என்பதை முன்பே அறிந்திருப்பது அவசியம். பிராக்ஸி எனப்படும் சிறு நகல்கள் திருத்தும் வேளையில் உதவுகின்றனவே தவிர, எக்ஸ்போர்ட்டின்போது மென்பொருள் பொதுவாக மூலக் கோப்புக்கே திரும்பிவிடுவதால் அங்கு அவற்றால் பயனில்லை.

சனி

கோடைப் பகலில் மூடிய அறையில் இயங்கும் மடிக்கணினி, சூடு எல்லை மீறும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. தூசி அடைந்த விசிறியைத் துடைப்பதும், அடிப்புறத்தை உயர்த்தி வைப்பதும், பேட்டரியில் அல்லாமல் மின்சாரத்தில் இணைத்து இயக்குவதும் வேகம் குறையாமல் காக்கும் செலவில்லாத வழிகள்.

ஞாயிறு

ரெண்டரிங்கில் மிகுந்த நேரம் கொள்வது இரைச்சல் நீக்கம். ஒவ்வொரு ஃபிரேமையும் முன்பின் ஃபிரேம்களோடு அது ஒப்பிடுவதே காரணம். இருட்டில் எடுத்த காட்சிகளுக்கு மட்டும் அதை இட்டு, அவற்றை முதலிலேயே தனியாக ரெண்டர் செய்து வைத்துக்கொள்வது நல்லது. முழுப் படத்தையும் ஒருமுறை புரோரெஸ் போன்ற இடைநிலை வடிவில் எடுத்துவைத்தால், யூடியூபுக்கும் வாட்ஸ்அப்புக்கும் பென்டிரைவுக்கும் உரிய கோப்புகளை அதிலிருந்தே, விளைவுகளை மறுபடி கணக்கிடாமல் உருவாக்க முடிகிறது. புரோரெஸ் 422 வடிவில் ஒரு மணி நேர 4கே படம் ஏறத்தாழ 220 ஜிகாபைட் இடம் கொள்ளும்; வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டபின் அதை அழித்துவிடலாம். அதற்குமுன் படத்தில் வரும் பெயரில் ஓர் எழுத்துப் பிழை தெரியவந்தாலும், அந்தச் சில விநாடிகளை மட்டும் மறுபடி ரெண்டர் செய்து அந்த இடைநிலைக் கோப்பின் மேல் வைத்தால் போதும்.