புள்ளி முந்தியா, எழுத்து முந்தியா?

அத்தை ‘பக்கம்’ என்று அடித்தார். திரையில் ‘ப்கக்ம’ என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் ‘ப்கக்ம’.

பெரம்பலூரில் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிரயப் பத்திரமும் பாகப் பத்திரமும் அடித்துக் கொடுத்தவர் அவர். தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். வடக்குப் பக்கம், தெற்குப் பக்கம் என்று நான்கெல்லை சொல்லாத நாள் அவருக்கு இருந்ததில்லை. அந்தச் சொல்லே வரவில்லை என்றதும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “எனக்கு மறந்துபோச்சாடா?” என்றார். அந்தக் கேள்விதான் என்னை அலையவிட்டது.

தவறு என்னுடையது. வேலையை விட்டபின் ஊர்க்கதைகளை எழுதிவைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். என்னிடம் இருந்த பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, அதில் தட்டச்சு இயந்திரத்தின் வரிசையை ஏற்றிக் கொடுத்தேன். அத்தை சொல்லச் சொல்ல ஒவ்வொரு விசைக்கும் எழுத்தை மாற்றினேன். இடக்கைச் சுண்டுவிரலுக்கு ய, அடுத்தடுத்து ள, ன, க, ப. வலக்கைச் சுண்டுவிரலுக்குப் புள்ளி, பிறகு ட, ம, த, கால்.

விசையை மாற்றுவது அவ்வளவு பெரிய காரியமில்லை என்பதை அப்போதுதான் நானே புரிந்துகொண்டேன். கீபோர்டுக்குள் எழுத்து எதுவும் கிடையாது. ‘ஏ’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட விசையை அழுத்தினால் கணினிக்குப் போவது 30 என்ற எண். விரலை எடுத்தால் 128 கூட்டி 158. அந்த எண்ணை எந்த எழுத்தாகப் படிப்பது என்பதை இயங்குதளம் ஒரு பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது. லினக்ஸின் பட்டியலில் அந்த விசைக்கு ஏசி01 என்று பெயர். ஸ்பேஸ் பட்டை இருக்கும் அடிவரிசை ஏ, அதற்கு மேல் பி, அதற்கு மேல் சி. அந்த சி வரிசையின் முதல் விசை என்று பொருள். விண்டோஸிலும் இப்படி ஒரு அட்டவணை உண்டு. ஆக, விசைக்கு இடம்தான் சொந்தம். எழுத்து நாம் குடிவைப்பது. ஏசி01இல் ‘ய’வைக் குடிவைத்தேன். விசைகள் எல்லாம் சரியாக இருந்தன. ‘பக்கம்’தான் வரவில்லை.

“நான் புள்ளியத்தானே மொதல்ல அடிப்பேன்?” என்றார் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ப, புள்ளி, க, க, புள்ளி, ம. அவர் அடித்த வரிசை இதுதான். நான் கணினியில் பழகியது ப, க, புள்ளி, க, ம, புள்ளி. பேனாவில் எழுதினாலும் எழுத்தை எழுதிவிட்டுத்தானே புள்ளி வைக்கிறோம்? இவர் ஏன் தலைகீழாக அடிக்கிறார்? “இன்ஸ்டிடியூட்ல அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க” என்பதற்கு மேல் அத்தைக்கும் காரணம் தெரியவில்லை.

அரியலூரில் ஒரு பெரியவர் இன்னும் தட்டச்சு இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சிமெண்ட் லாரிகள் போகும் சாலையோரக் கடை. மேசை, மூடிவைத்த துணி, அதற்கடியில் இயந்திரம், எல்லாவற்றின் மேலும் வெளிர்சாம்பல் தூசி. துணியை உதறிவிட்டு ஒரு பழைய தமிழ் இயந்திரத்தை என் பக்கம் திருப்பினார். ‘ட’வை அடித்தார். ரோலர் ஓர் இடம் நகர்ந்தது. புள்ளியை அடித்தார். தாளில் புள்ளி விழுந்தது, ரோலர் அசையவில்லை. திரும்ப ‘ட’வை அடித்தார். புள்ளிக்கு நேர் கீழே ‘ட’ வந்து உட்கார்ந்தது. அதன்பிறகுதான் ரோலர் நகர்ந்தது.

“எழுத்த மொதல்ல அடிச்சா ரோலர் போயிடும் தம்பி. அப்புறம் பேக்ஸ்பேஸ் போட்டுத் திரும்பி வந்து புள்ளி வைக்கணும். ஒரு பக்கத்துல எத்தனை புள்ளி? எத்தனை தடவை திரும்பி வருவீங்க?”

இயந்திரத்தைச் சாய்த்து அடிப்பாகத்தையும் காட்டினார். மற்ற விசைகளை அழுத்தும்போது அவற்றின் கம்பி உள்ளே ஒரு குறுக்குச் சட்டத்தைத் தள்ளுகிறது. அந்தச் சட்டம்தான் ரோலரை ஒரு பல் நகரவிடுகிறது. புள்ளி விசையின் கம்பி அதைத் தொடுவதே இல்லை. நகரா விசை என்று இதற்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது.

தட்டச்சு வகுப்பின் முதல் பாடத்தை அங்கேயே நினைத்துப் பார்த்தேன். யளனகப ட்மதா. என் சிறுவயதில் அத்தை விரலால் மேசையில் தட்டித் தட்டிச் சொல்வார். எனக்கு அது பொருளில்லாத மந்திரமாக இருந்தது. வலக்கைச் சுண்டுவிரல் புள்ளி, மோதிரவிரல் ட, நடுவிரல் ம, ஆட்காட்டி விரல் த, அது நகர்ந்து கால். அந்த ‘ட்’டில் புள்ளி முந்திக்கொண்டு வருவதை முதல் நாளிலேயே விரலுக்குச் சொல்லிவிடுகிறார்கள். அத்தையின் மனம் மறந்தாலும் விரல் மறக்காது.

இந்த நகரா விசையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவராக அறியப்படுபவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, இளவயதில் சிங்கப்பூர் போய் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அலுவலகத்தில் ஆங்கிலம் அடித்துப் பழகிய கை, தமிழுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை என்று தேடியிருக்கிறது. தமிழ் எழுத்து 247. ஆங்கில இயந்திரத்தில் இருப்பதோ சில பத்து விசைகள், ஷிப்ட் போட்டால் அதற்கு இரண்டு மடங்கு. எழுத்துகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. மேலே உட்காரும் குறிகளுக்கு ரோலரை நிறுத்தினார். ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் அவருடைய வடிவமைப்பில் இயந்திரம் செய்தது. இதை ஊர்விட்டு ஊர் போன ஓர் எழுத்தர் தன் விரலை நம்பிச் செய்து முடித்திருக்கிறார். அவர் பெயரைத் தட்டச்சுப் பள்ளிகளின் சுவரில் எழுதிவைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் புள்ளி ஏன் பின்னால் போனது? இந்திய மொழிகளுக்கு மைய அரசு வகுத்த இஸ்கி குறிமுறையை ஒட்டி யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அங்கே கணக்கு ஒலியை வைத்து: முதலில் எழுத்து, பிறகு அதன்மேல் வரும் குறி. கண்ணுக்கு இடப்பக்கம் தெரியும் கொம்புகூட நினைவகத்தில் எழுத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. இயந்திரம் கண்ணுக்குத் தெரியும் வரிசையை மதித்தது. கணினி காதுக்குக் கேட்கும் வரிசையை மதிக்கிறது. அத்தை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மாற்றுவதால் இது தீராது. வரிசையையே திருப்ப வேண்டும். எம்17என் என்றொரு கட்டற்ற உள்ளீட்டு நிரல் லினக்ஸில் உண்டு. விதிகளை நாமே ஒரு கோப்பில் எழுதலாம். புள்ளி, க வந்தால் ‘க்’ என்று வை. இப்படிப் பதினெட்டு மெய்க்கும் பதினெட்டு வரி. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு மூன்றுக்கும் 54. ஜ, ஷ, ஸ, ஹ நான்குக்கும் சேர்த்து இன்னும் 16. மொத்தம் 88 வரிகள். ‘கொ’வுக்குத் தனி வரி வேண்டியிருக்கவில்லை. ‘கெ’க்குப் பின் காலைப் போட்டால் அதுவும் ‘கொ’தான் என்று யூனிகோடே ஏற்றுக்கொள்கிறது.

கோப்பை எழுதும்போதுதான் இரட்டைக் கொம்பு என்னை இன்னொரு பக்கம் இழுத்தது. தொல்காப்பியத்தின்படி மெய்க்கு மட்டுமல்ல, குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி உண்டு. புள்ளி இருந்தால் எ, இல்லாவிட்டால் ஏ. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் குத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலும் வைக்காமலே விட்டார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவராகப் போற்றப்படுபவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து இங்கு வந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி. குறிலுக்குப் புள்ளி வைப்பதை விட்டு நெடிலுக்கு அடையாளம் கொடுத்தார். ஏகாரத்தின் கீழ்க்கோடும் ஓகாரத்தின் சுழியும் இரட்டைக் கொம்பும் அப்படி நிலைத்தவை.

அவர் தங்கிப் பணியாற்றிய ஏலாக்குறிச்சி, அரியலூரிலிருந்து திருமானூர்ப் பக்கம், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. ஒரு ஞாயிறன்று போனேன். அடைக்கல மாதா கோயிலில் கூட்டம். ஊர்ப்பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். முதல் எழுத்தே ஏ. நான் அன்று காலை கோப்பில் எழுதிய வரி அந்த ஊரில் தொடங்கியதுபோல் இருந்தது.

அத்தைக்குத் தமிழ்99 வரிசையைக் கற்றுக்கொடுக்கலாமே என்று நண்பர் கேட்டார். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்றது அது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டுமுறை அடித்தால் முதலாவதன்மேல் தானே புள்ளி விழும். ம, ப என்று அடித்தால் ‘ம்ப’. பெரம்பலூரை ஒன்பது தட்டில் அடிக்கலாம். புதிதாகக் கற்பவர்கள் இதைத்தான் கற்க வேண்டும், எனக்கு அதில் ஐயமே இல்லை. அத்தைக்கும் அடித்துக் காட்டினேன். “புள்ளி தானா வருதே!” என்று வியந்தார். ஆனால் அவர் ஏற்கெனவே ஒருமுறை மாறியவர். பழைய வடிவ ணா, னா, றாவும் துதிக்கை வைத்த லை, னையும் பழகி லோயர் முடித்த கொஞ்ச நாளில், 1978இல் அரசு எழுத்தைச் சீர்திருத்தியது. மறுபடி உட்கார்ந்து பழகினார். அறுபத்தாறு வயதில் அந்த விரல்களை இன்னொருமுறை கலைக்க எனக்கு மனம் வரவில்லை. 88 வரி எழுதுவது என் வேலை.

கோப்பை ஏற்றிய அன்று அத்தை சுண்டுவிரலால் புள்ளியை அழுத்தினார். திரையில் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் புள்ளி காத்திருந்தது. க வந்ததும் இரண்டும் சேர்ந்து ‘க்’ ஆயின. ‘பக்கம்’ பக்கமாகவே வந்தது. நாலைந்து முறை அதையே அடித்துப் பார்த்தார்.

“நீ போன ஊர் என்னடா?” என்று கேட்டுவிட்டு, திரையைப் பார்க்காமலே அடித்தார். ஏலாக்குறிச்சி, திருமானூர் ஒன்றியம், அரியலூர் மாவட்டம். பத்திரக் கை, ஊரோடு நிற்காது. “நான் டைப் கத்துக்கிட்டப்ப இதெல்லாம் திருச்சி மாவட்டம்” என்றபடி அடுத்த வரிக்குப் போனார்.