முப்பத்தைந்தில் ஒன்று

என் எழுத்து மேசையில், பழைய பத்திரிகை நறுக்குகளுக்கும் அகராதிக்கும் நடுவே, ஓராண்டுக்கு மேலாக ஒரு யுத்த டாங்கி நிற்கிறது. குழல் முனையிலிருந்து பின்புறம் வரை ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர் நீளம். 9 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமான அகலம். ஆயுட்காலம் முழுவதும் செய்தி எழுதிய ஒருவனுடைய மேசையில் இது எதற்கு என்று வருபவர்கள் கேட்கிறார்கள். சிலர் கேட்பதில்லை, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். இரு சாராருக்குமாகவே இதை எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு ஆவணியில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, ரொறன்ரோவிலிருந்து மகளின் குடும்பம் வந்திருந்தது. பேரனுக்குப் பதினான்கு வயது. தமிழ் நன்றாக விளங்கும். பேசும்போது மட்டும் சொற்களைத் தேடுவான். பயணப் பெட்டியைத் திறந்ததும் அவன் ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தான். ஜப்பானின் தமியா நிறுவனம் 2002இல் வெளியிட்ட ரி-55 டாங்கியின் மாதிரி அது.

"அம்மப்பா, இது உங்கட ஊருக்கு வந்த டாங்கிதானே? உங்களோட சேர்ந்து செய்யத்தான் கொண்டு வந்தனான்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் ஏற்கெனவே ஷேர்மன், டைகர், பாந்தர் என்று இரண்டாம் உலகப் போரின் டாங்கிகளைச் செய்து அடுக்கி வைத்திருப்பவன். அவை அவனுக்குப் புத்தகத்தில் வரும் போர்கள். ரி-55 என்றால் எனக்கு உரும்பிராய்ச் சந்தி ஞாபகம் வரும். ஆனாலும், ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த பிள்ளை தாயின் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தேர்ந்தெடுத்த வழி இது. மறுக்க மனம் வரவில்லை.

இந்தப் பொழுதுபோக்கை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். பெட்டிக்குள் பிளாஸ்ரிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகள் கோத்திருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, விளிம்பை அரத்தால் உரசி, வரைபடத்தின் வரிசைப்படி ஒட்ட வேண்டும். அதற்கான பசை பிளாஸ்ரிக்கையே சிறிது கரைத்து இரண்டு உறுப்புகளையும் ஒன்றாக்கிவிடும். பிழையாக ஒட்டினால் மீட்பது கடினம். எல்லா உறுப்புகளும் உண்மையான டாங்கியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும்.

அது ஏன் முப்பத்தைந்து என்று பேரனைக் கேட்டேன். அவன் சொன்ன கதை சுவையானது. 1960களின் தொடக்கத்தில் தமியா நிறுவனம் பாந்தர் டாங்கியின் மாதிரியை மோட்டாருடன் செய்தது. உள்ளே இரண்டு பற்றரிகளும் மோட்டாரும் அடங்க வேண்டும். அதற்கேற்பவே உடலின் அளவைத் தீர்மானித்தார்கள். பின்னர் கணக்குப் பார்த்தபோது அது ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒன்றாக இருந்தது. பற்றரியின் பருமனால் தற்செயலாக வந்த அந்த அளவு, உலகெங்கும் டாங்கி மாதிரிகளுக்கான பொது அளவாகிவிட்டது. அந்நிறுவனத்தை உலகறியச் செய்த சுன்சாகு தமியா 2025 யூலையில் தமது தொண்ணூறாவது வயதில் காலமான செய்தியைப் படித்தபோது, எனக்கு இந்தப் பற்றரிக் கதைதான் நினைவுக்கு வந்தது.

இனி என் கதை. டாங்கிகளைப் பற்றி நான் எத்தனை செய்திகள் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் பேரனுடன் வேலைக்கு உட்கார்ந்த முதல் நாளே என் அறியாமை வெளிப்பட்டது. ரி-55 இன் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து பெரிய சக்கரங்கள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் மட்டும் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி உண்டு. ரி-72 இல் ஆறு சக்கரங்கள். 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினருடன் வந்தவை ரி-72. இலங்கைப் படையினர் 1990களில் பயன்படுத்தியவை செக்கோஸ்லோவாக்கியாவில் தயாரான ரி-55. அதற்கும் முன்னர் எங்கள் வீதிகளில் வந்த சலடின் டாங்கியே அல்ல. ஆறு ரயர்களில் ஓடும் பிரித்தானியக் கவச வண்டி. நாங்களோ எல்லாவற்றையும் 'டாங்கி' என்றே எழுதி அச்சேற்றினோம்.

"நீங்க பார்க்கேல்லையா அம்மப்பா?" என்று பேரன் கேட்டான். பார்த்தேனா? 1987இல் கிடுகு வேலியின் ஓட்டைக்குள்ளால் பார்த்தது ஓர் இரும்புச் சுவர் நகர்ந்து போனதை மட்டுமே. சக்கரங்களை எண்ணும் நிலையில் அன்று எவரும் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 17இல் 'ரிவிரெச' நடவடிக்கை தொடங்கி, 30ஆம் திகதி குடாநாடே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, நானும் சைக்கிளில் ஒரு சாக்கு மூட்டையுடன் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஊருக்கு வந்த ரி-55ஐ நான் காணவில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது தார் வீதியில் சங்கிலிப் பற்கள் பதிந்திருந்ததையும், ஒழுங்கை முடக்கில் எங்கள் மதில் சரிந்து கிடந்ததையும் கண்டேன்.

மாதிரி வளர வளர அதன் அளவுகள் என்னைச் சிந்திக்க வைத்தன. உண்மையான ரி-55 இன் எடை 36 தொன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் முப்பத்தைந்தால் வகுத்தால் கனவளவு 42,875இல் ஒரு பங்காகும். அந்தக் கணக்கில் எங்கள் டாங்கி இரும்பால் செய்யப்பட்டிருந்தால் ஏறத்தாழ 840 கிராம் இருக்கும்; ஒரு கிலோ சீனிப் பையை விடக் குறைவு. மனிதன் ஐந்து சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவாக இருப்பான். அந்தக் கூட்டுக்குள் அப்படி நால்வர். சாரதி முன்னே இடது புறத்தில், சுடுபவரும் அவருக்குப் பின்னால் கட்டளையிடுபவரும் குழலின் இடப்பக்கத்தில், குண்டேற்றுபவர் வலப்பக்கத்தில். பெருவிரலளவு மனித உருவொன்றை உள்ளே இறக்கிப் பார்த்தபோது, தோளைத் திருப்பக்கூட இடமில்லை என்பது புரிந்தது.

பேரன் கொழும்பிலிருந்து ஏ-9 வீதியால் வரும்போது ஆனையிறவில் இறங்கி எடுத்த படங்களை அப்போது காட்டினான். இரும்புத் தகடுகளால் மூடிய புல்டோசர் ஒன்று அங்கே நினைவுச் சின்னமாக நிற்பதை வாசகர்கள் பலர் கண்டிருப்பீர்கள். 1991 யூலையில் ஆனையிறவு முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள் செய்து அனுப்பிய வாகனம் அது. யூலை 14ஆம் திகதி காமினி குலரத்ன என்ற சிங்க றெஜிமென்ற் சிப்பாய் கைக்குண்டுகளுடன் அதன்மேல் ஏறி, அதைத் தடுத்து, தானும் மாண்டார். இராணுவத்தின் மிக உயர்ந்த விருது அவருக்கு வழங்கப்பட்டது. புல்டோசருக்குள் இருந்தவர்களும் மாண்டார்கள். "இதுக்கு கிட் விக்கிறேல்லை. தகடு தகடாய் நாங்களே வெட்டித்தான் செய்யோணும்" என்றான் பேரன். பின்னர் சற்று யோசித்து, "உள்ள இருந்த ஆக்கள் எப்பிடி வெளியால பார்த்திருப்பினம்?" என்று கேட்டான். 1991இல் அந்தச் சமரைப் பற்றி நாள்தோறும் எழுதிய எனக்கு, அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லை.

வர்ணம் பூசும் கட்டத்தில் என்னுடைய பங்கு கூடியது. எரியக்கூடிய வர்ணங்களை விமானத்தில் கொண்டுவர முடியாதென்பதால், யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகக் கடையில் அக்ரிலிக் வர்ணங்கள் வாங்கினோம். டாங்கியின் பச்சையை அப்படியே மாதிரியில் பூசினால் கறுத்துத் தெரியும் என்றான். சிறிய பொருளைத் தூரத்தில் நிற்கும் பெரிய பொருளாகக் கண் ஏற்க வேண்டுமென்றால் நிறத்தில் சிறிது வெள்ளை கலக்க வேண்டுமாம். பச்சை காய்ந்ததும், நீர்த்த கபில நிறத்தை இடுக்குகளில் ஓடவிட்டோம். பின்னர் தூரிகையை ஏறக்குறைய முழுவதுமாகத் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் வெளிர்நிறம் படும்படி தடவினோம். அரைமணி நேரத்தில் பிளாஸ்ரிக் இரும்பாயிற்று.

கடைசியாக மண். "எந்த நிறம் அம்மப்பா?" என்றான். அதற்கு மட்டும் என்னிடம் விடை இருந்தது. முகமாலை, ஆனையிறவுப் பக்கமென்றால் வெளிறிய மணல். எங்கள் ஊர் என்றால் செம்மண். முற்றத்து மண்ணையே எடுத்துவந்து தூவலாம் என்றேன், அவன் சிரித்தான். அரை மில்லிமீற்றர் மணல் மணி, இந்த அளவில் 17.5 மில்லிமீற்றர் கல்லாகிவிடும் அல்லவா? ஆகவே வெங்காயத் தோட்டத்துச் செம்மண்ணை வெயிலில் காயவைத்து, அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டுமுறை சலித்து, நீர்த்த பசையில் குழைத்துச் சங்கிலியில் பூசினோம். அன்று மாலை நான் அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1995இல் நான் காணாத டாங்கி, இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, எங்கள் ஊர் மண்ணோடு என் மேசையில் நின்றது.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மையார், மகளுக்குத் தைத்த சட்டையைக் கொடுக்க வந்தார். தையல் இயந்திரத்தை நம்பி ஒரு மகனை வளர்த்தவர். 2009க்குப் பின்னர் அந்த மகனைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்துக்கு, மகனின் படத்துடன் பஸ் ஏறிப் போய் வந்தவர். அவர் கண்ணில் டாங்கி பட்டுவிட்டது. நான் எழுந்து மறைப்பதற்குள்,

"அண்ணை, உதை மூடி வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றைய பத்திரிகையை எடுத்து டாங்கியின்மேல் போட்டேன். பேரன் முகம் வாடிவிட்டது. "நான் செய்தது பிழையோ?" என்று கேட்டான். ஆம் என்று சொல்லவும் முடியவில்லை; இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அவன் மூடிவைக்கும் எண்ணத்துடன் அதைச் செய்யவில்லை. காட்சிக்கு வைக்கும் எண்ணத்துடன் நானும் உடன்படவில்லை. ஆயினும் ஒரு தாயின் மனம் நொந்தது என்னுடைய வீட்டில்.

மூன்று நாட்கள் கழித்து அவர் தாமாகவே வந்தார். நேரே மேசைக்குச் சென்று பத்திரிகையை விலக்கினார்.

"உதுக்குள்ள எத்தினை பேர் இருப்பினம்?"

"நாலு பேர்."

"அவசரத்துக்கு வெளியால வரலாமோ?"

பேரன் கோபுரத்தின்மேல் இருந்த சிறு மூடியைத் திறந்து காட்டினான். அதை இன்னும் ஒட்டாமல் வைத்திருந்தோம். அவர் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ர பெடியனும் ஒண்டு செய்தவன் அண்ணை. நூல்கட்டையில. ஞாபகம் இருக்கோ?"

இருந்தது. 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டுக்கு வரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்ட காலம். அப்பியாசக் கொப்பித் தாளில் நாங்கள் பத்திரிகை அச்சிட்ட காலம். ஒன்பது வயதுப் பையனுக்கு மோட்டார் ஏது? தாயின் தையல் பெட்டியிலிருந்த மரக் கட்டையில் மிச்ச நூலைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். இரு விளிம்புகளிலும் பேனாக்கத்தியால் பல் வெட்டுவான். சைக்கிள் ரியூப்பில் அறுத்த மெல்லிய வளையத்தைத் துளைக்குள்ளால் கோத்து, ஒரு முனையைச் சிறு குச்சியால் இறுக்குவான். மறுமுனையில் உரைஞ்சி வழுவழுப்பாக்கிய சிரட்டைத் துண்டு. அதற்கு வெளியே நீளமான பனை ஈர்க்கு. ஈர்க்கைச் சுழற்றி முறுக்கேற்றித் தரையில் விட்டால், முறுக்கு அவிழ அவிழக் கட்டை உருண்டு போகும். எதிரே கொப்பியை வைத்தால் பற்களால் பிடித்து ஏறிக் கடக்கும்.

இப்போது மரக் கட்டை கிடைப்பதில்லை, எல்லாம் பிளாஸ்ரிக். அம்மையார் வீட்டுக்குப் போய்ப் பழைய தகரப் பெட்டியிலிருந்து ஒன்று எடுத்துவந்தார். வெளிறிய நீல நூல் சிறிது அதில் மிச்சமிருந்தது. அவரே கழற்றிச் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். எப்படிச் செய்வதென்று நானும் அவரும் மாறி மாறிச் சொல்ல, பேரன் செய்தான். மாதிரிக்கென்று கொண்டுவந்த கூரிய கத்தியால் பல் வெட்டினான். முதன்முறை ரியூப் வளையம் அறுந்தது. இரண்டாம் முறை ஈர்க்கு முறிந்தது. மூன்றாம் முறை விறாந்தைச் சீமெந்தில் விட்டபோது அது நடுங்கி, நின்று, பிறகு மெல்ல ஊர்ந்து பாயின் விளிம்பில் ஏறியது. பேரன் கைதட்டினான்.

"அவன்ர இதைவிட வேகமாய் ஓடும்" என்றார் அம்மையார்.

பேரன் திரும்பிப் போய்விட்டான். டாங்கியின் பக்கங்களில் ஒட்ட வேண்டிய இலக்கங்களையும் அடையாளங்களையும் நாங்கள் ஒட்டவில்லை. அவை இன்னும் பெட்டிக்குள் கிடக்கின்றன. கோபுரத்தின் மூடி திறந்தே இருக்கிறது. நூல்கட்டையும் அதன் அருகில்தான். ரியூப் வளையம் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. அம்மையார் வரும்போதெல்லாம் அதை எடுத்து முறுக்கிப் பார்க்கிறார். தளர்ந்திருந்தால் என்னிடம் சொல்கிறார். நான் புதிதாக ஒன்று வெட்டிப் போடுகிறேன்.