தீவைச் சுற்றி ஒரு நடை

மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில், ஸ்பெயின் நாட்டிற்கு உரிய பலேரிக் தீவுகளுள் ஒன்று மெனோர்க்கா. அதன் கரையை ஒட்டியே ஒரு நடைபாதை புறப்பட்டு, தீவு முழுவதையும் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கின்றது. நீளம் 185 கிலோமீட்டர். காமி டெ கவால்ஸ் என்பது பெயர். அவ்வூர்க் கட்டலான் மொழியில் குதிரைப் பாதை என்று பொருள். கடல் வழியே பகைவர் வருகின்றனரா என்று காவலர் குதிரையேறிச் சுற்றிப் பார்த்த வழி அது. காவலுக்குத் தேவை இல்லாமற் போன பின்பு பாதை கவனிப்பாரற்றுக் கிடந்தது. நிலத்திற்கு உடையவர் சிலர் தம் எல்லைக்குள் வழியை அடைத்தும் விட்டனர். தீவு மக்கள் வாளாவிருக்கவில்லை. பொதுவழி பொதுவழியே என்று நெடுநாள் வற்புறுத்தினர். 2000-ஆம் ஆண்டில் பலேரிக் சட்டமன்றம் இப்பாதைக்கென்றே தனிச் சட்டம் ஒன்று இயற்றியது. 2010-இல் பாதை முழுவதும் நடப்பவர்க்குத் திறந்து விடப்பட்டது.

போய் வந்த பின் எழுதுவதே வழக்கம். எனினும், வரும் மே மாதம் இப்பாதையில் நடக்க எண்ணித் திட்டமிட்டபோது நாங்கள் தெரிந்துகொண்டவை, அவ்வாறே எண்ணும் பிற குடும்பத்தார்க்குப் பயன்படும் எனக் கருதி இப்போதே எழுதுகின்றோம். நாங்கள் ஐவர். ஐவருள் ஒருவர் அறுபத்தெட்டு வயதான எங்கள் அத்தை. நாள்தோறும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர்; ஆயினும் பதினைந்து, இருபது என்றால் முழங்கால் ஒப்பாது. அவரை ஊரில் விட்டுச் செல்ல எங்களுக்கு மனம் இல்லை. ஆதலின் பாதையைவிட அவரைப் பற்றியே மிகுதியும் சிந்திக்க நேர்ந்தது.

இதற்குத் தீவின் அமைப்பே வழி காட்டியது. கிழக்கே மாவோ (மஹோன் என்றும் வழங்குவர்), மேற்கே சியுதடெல்லா என இரு நகரங்கள். இரண்டையும் இணைத்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலை நடுத்தீவின் வழியே செல்கின்றது. எஸ் மெர்கடால் என்னும் சிற்றூர் இடையில் உள்ளது. பாதை விளிம்பு என்றால் இச்சாலை முதுகெலும்பு. எனவே நாள்தோறும் மூட்டையைச் சுமந்து புதிய இடம் தேடாமல், இம்மூன்று ஊர்களில் மட்டுமே தங்குவது என முடிவு செய்தோம். காலையில் பேருந்திலோ வாடகைக் காரிலோ சென்று, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அத்தை தம்மால் இயன்ற பகுதியை நடப்பார். இயலாத நாளில் ஊரில் தங்குவார். பாதையோரம் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று எவரும் எண்ண வேண்டா. அதற்கு அங்கே அனுமதி இல்லை.

பாதையை 20 பகுதிகளாகப் பிரித்துள்ளனர். ஐந்தரைக் கிலோமீட்டர் உள்ளதும் உண்டு. பதின்மூன்றரை உள்ளதும் உண்டு. நாளுக்கு இரண்டு வீதம் பத்து நாளில் முடிக்கலாம் என்று எங்களுள் இளையவர்கள் கணக்குப் போட்டனர். கணக்குச் சரியே, ஆனால் தென்மேற்கு மூலையில் இரண்டு பகுதிகள் சேர்ந்து இருபத்தாறு கிலோமீட்டருக்கு மேல் வருகின்றன. வடகரையிலோ, பினிமெல்லாவிலிருந்து எல்ஸ் அலோக்ஸ் வரை ஒரு பகுதி, அங்கிருந்து அல்கயாரென்ஸ் வரை மற்றொன்று. கூட்டினால் பத்தொன்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆயினும் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், நிழல் அரிது, கடை இல்லை. தூரத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறும் இடம் இதுவே. இவ்விரண்டையும் வெவ்வேறு நாளுக்குப் பிரித்து வைத்தோம். நடை பன்னிரண்டு நாள், சியுதடெல்லாவில் ஓய்வு ஒரு நாள் என்றாயிற்று. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்வதில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை.

காலமும் கருத வேண்டியதே. ஜூலை, ஆகஸ்டு மாத வெயிலில் நிழலற்ற பாதையில் நடப்பது வீண் துன்பம். குளிர்காலத்திலோ கடற்கரை விடுதிகளிற் பல மூடிக் கிடக்கும், பேருந்தும் குறையும். ஜூன் 23, 24 தேதிகளில் சியுதடெல்லாவில் கரிய குதிரைகள் நடமிடும் புனித யோவான் திருவிழா. காணத்தக்கதே எனினும் அப்போது தங்க இடம் கிடைப்பது கடினம். ஆதலின் மே.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்க்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. ஷெங்கன் விசாவிற்கு விண்ணப்பிக்கும்போதே எந்த இரவு எங்கே தங்குவோம் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். 30,000 யூரோவிற்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்க்கு இது இடையூறு. மூன்றே ஊர்களில் தங்கும் எங்களுக்கோ, முன்பதிவுச் சீட்டு மூன்றோடு வேலை முடிந்தது. சமையலறை உள்ள இல்லங்களாகவே பார்த்து அமர்த்தியுள்ளோம்; பகலுக்குக் கட்டுச்சோறு வேண்டுமல்லவா?

வழியெங்கும் சாந்து பூசாமல் கல்லின்மேற் கல்லாக அடுக்கிய சுவர்கள். இடையிடையே காட்டு ஒலிவ மரக் கிளைகளை வளைத்துச் செய்த கதவுகள். திறந்தவர் மூடிவிட்டுச் செல்ல வேண்டும். உள்ளே ஆடுமாடுகள் மேய்கின்றன.

எத்திசையில் நடப்பது என்பதிலும் விவாதம் எழுந்தது. பகுதிகளின் எண் வரிசை மாவோவில் தொடங்கி வடக்காகச் சென்று மேற்கே திரும்புகின்றது. அவ்வாறு நடந்தால் தீவு நமக்கு இடப்பக்கம். அது வலம் ஆகாது, மாற்றிச் சுற்ற வேண்டும் என்றார் அத்தை. வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். மாற்றிச் சுற்றினால் எளிதான தென்கரை முதலில் வருகின்றது; கால்கள் பழகிய பின்னரே வடகரையின் ஏற்றங்கள். வழிகாட்டும் மரக் கம்பங்கள் இரு திசையார்க்கும் பொதுவானவை. இளையவர்கள் மறுப்பின்றி எண் வரிசையைத் தலைகீழாக எழுதிக்கொண்டனர்.