கண்டக்டர் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்?

இந்தப் பக்கம் வந்து நாலு மாசம் ஆச்சு. ஆணி அதிகம் மக்களே. மார்ச் கணக்கு முடிவு, அது முடிஞ்ச கையோட ஆடிட், அது முடிஞ்சதும் ஆடிட்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில். நடுவுல நாக்பூர் வெயில் வேற. இதையெல்லாம் மீறி ராத்திரி பத்து மணிக்கு மேல நான் வேற ஒரு வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். எட்டு செகண்ட் படம் எடுத்தேன். ஆமாங்க, எட்டே செகண்ட். அதுக்குத்தான் நாலு மாசம்.

பி.காம் படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டுற ஆளுக்கும் அனிமேஷனுக்கும் என்ன சம்பந்தம்னு தங்கமணி கேட்ட மாதிரியே நீங்களும் கேட்பீங்க. ஒரு சம்பந்தமும் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி பையனோட ஸ்கூல் புராஜெக்டுக்காக பிளெண்டர் என்ற மென்பொருளை இறக்கினேன். பையன் புராஜெக்டை முடிச்சுட்டு கிரிக்கெட் ஆடப் போய்ட்டான். நான் மாட்டிக்கிட்டேன்.

பிளெண்டர் கதையே ஒரு வங்கிக்காரனுக்குப் பிடிக்கிற கதை. டான் ரூசெண்டால் என்ற டச்சுக்காரர் உருவாக்கியது. அதை விற்க ஆரம்பித்த கம்பெனி 2002-ல் திவால். முதலீட்டாளர்கள், ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூல நிரலை விட்டுத் தருகிறோம் என்றார்கள். ஊர் ஊராக இருந்த பயனாளர்கள் கைக்காசு போட்டு ஏழே வாரத்தில் அந்தத் தொகையைச் சேர்த்துவிட்டார்கள். 2002 அக்டோபர் 13-ல் அது எல்லாருக்கும் பொதுச் சொத்தானது. வாராக்கடன் ஒன்று இப்படி வசூலானதை என் இருபது வருஷ சர்வீஸில் நான் பார்த்ததில்லை :-) அதே இலவச மென்பொருளில் லாட்வியாவில் ஒரு சின்னக் குழு செய்த 'ஃப்ளோ' என்ற பூனைப் படம் 2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை லீவு என்பது உங்களுக்குத் தெரியும். ரெண்டாவது சனி சாயங்காலம் இங்கே ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எல்லாருமே பொழுதுபோக்குக்காக அனிமேஷன் செய்கிறவர்கள், யாருக்கும் இது தொழில் இல்லை. ரிடையர்ட் டிராயிங் மாஸ்டர் ஒருத்தர், வயசு 68. ரயில் எஞ்சின் ஓட்டுகிற பையன் ஒருத்தன், ரெண்டு வருஷமாக டபிள்யூ.ஏ.பி-7 எஞ்சினை ஒவ்வொரு போல்ட்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறான். பல் டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு ஒன்று, கரும்பு ஜூஸ் மெஷினை ஆட வைத்துக்கொண்டிருக்கிறது. பிறகு நான். இந்த ஊரில் மதராஸி என்றால் 'அன்னா'தான், அதனால் எனக்கு அங்கே பெயர் அன்னா. அந்தப் பொண்ணுக்கு மட்டும் அங்கிள்.

முதல் நாள் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. சின்ன வயசில் என்ன கார்ட்டூன் பார்த்தீங்க என்று மாஸ்டர் கேட்டார். தூர்தர்ஷனில் அடிக்கடி போடுவார்களே, விஜயா முலே 1974-ல் எடுத்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா', பறவைகள் சேர்ந்து வேடனின் வலையையே தூக்கிக்கொண்டு பறக்குமே, அது என்றேன். ஹிந்தி ஒரு வார்த்தை புரியாமல் மதுரையில் உட்கார்ந்து பார்த்தேன் என்றதும் அறையே சிரித்து, அந்தப் பாட்டை ஆளாளுக்குப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். கூச்சம் அன்றோடு போச்சு.

அங்கே சில விதிகள் உண்டு. பத்து செகண்டுக்கு மேல் யாரும் காட்டக்கூடாது. முதல் தடவை ஓடும்போது யாரும் பேசக்கூடாது. ரெண்டாவது தடவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் பேச்சு. செய்தவர் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. முக்கியமான விதி, 'நல்லா இருக்கு' என்று யாரும் சொல்லக்கூடாது.

புதுசாக வருகிறவர் முதல் மாசம் ஒரு பந்தைத் துள்ள வைத்துக் காட்ட வேண்டும். ரப்பர் பந்து, கிரிக்கெட் பந்து, இரும்புக் குண்டு, மூன்றும் ஒரே அளவு, ஒரே நிறம். எது எது என்று பார்க்கிறவர்கள் சொல்ல வேண்டும். கனத்தை வடிவத்தில் காட்ட முடியாது, நேரத்தில்தான் காட்ட வேண்டும் என்பார் மாஸ்டர். துள்ளின பந்து உச்சியில் கொஞ்சம் தயங்கும், அங்கே ஃபிரேம்கள் நெருக்கமாக இருக்கும். கீழே வர வர வேகம் கூடும், இடைவெளி அகலும். டிஸ்னியில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்த 12 விதிகளில் இதெல்லாம் வருகிறது. பென்சில் காலத்து விதிகள், கம்ப்யூட்டருக்கும் அப்படியே பொருந்துகின்றன.

பந்து துள்ளி முடிந்த தைரியத்தில், நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன்.

(இங்கே ஒரு கொசுவத்தி சுருள் சுத்திக்கொள்ளவும்.)

அப்பா மதுரையில் அரசு டவுன் பஸ் கண்டக்டர். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பரங்குன்றம். 2017-ல் போய்ச் சேர்ந்தார். வீடியோ என்று எதுவும் இல்லை. இருக்கிற போட்டோக்களில் எல்லாம் கல்யாண வீட்டில் விறைப்பாக நிற்கிறார். அவர் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பதை எட்டு செகண்ட் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இடது கை விரல்களுக்கு நடுவே நீளவாக்கில் மடித்த ரூபாய் நோட்டுகள், அதே கையில் டிக்கெட் கட்டு. வலது கையால் கிழித்து நீட்டுகிறார். பஸ் பிரேக் போடுகிறது. விசில்.

எட்டு செகண்ட் என்றால் செகண்டுக்கு 24 வீதம் 192 ஃபிரேம். என் பழைய லேப்டாப்பில் ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக ஆறு நிமிஷம். மொத்தம் 19 மணி 12 நிமிஷம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஓட விட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கொண்டு போனேன். நோட்டு மடிப்பு, மீசை, காக்கிச் சட்டை, பித்தளை பட்டன், எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது. எனக்கே கண் கலங்கியது.

முதல் தடவை ஓடியது. அமைதி. ரெண்டாவது தடவை ஃபிரேம் ஃபிரேமாக. அப்புறம் எஞ்சின் பையன் ஆரம்பித்தான்.

"அன்னா, பிரேக் போட்ட அப்புறம் இவர் சாய்றார். புதுசா வண்டி ஏறினவன்தான் அப்படிச் சாய்வான். தினம் போற ரூட்டுதானே, ஸ்டாப் எங்க வரும்னு இவருக்குத் தெரியாதா? பிரேக்குக்கு முன்னாடியே உடம்பைப் பின்னால கொண்டு போயிருப்பார்."

மாஸ்டர், "தோள்ல தொங்குற பை உடம்போட ஒட்டிக்கிட்டே வருது. பை லேட்டா வரணும். உடம்பு நின்ன அப்புறமும் அது ஆடணும்" என்றார்.

எல்லாம் சரிதான், திருத்திக்கொள்ளலாம் என்று குறித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக அந்தப் பொண்ணு கேட்டது.

"அங்கிள், ரெண்டு கையிலயும் வேலை இருக்கு. பஸ் ஆடுது. இவர் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்?"

என்னிடம் பதில் இல்லை.

கம்ப்யூட்டர் அனிமேஷன் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நாம் முக்கியமான நிலைகளை மட்டும் வைப்போம், அதற்குக் கீஃபிரேம் என்று பெயர். ஓப்பனிங் பேலன்ஸ், குளோசிங் பேலன்ஸ் மாதிரி. நடுவில் இருப்பதைக் கம்ப்யூட்டரே நிரப்பிவிடும். ஆனால் நடுவில் உண்மையில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. நான் அப்பாவைப் பஸ் தரையோடு இணைத்துவிட்டிருந்தேன். பஸ் போனால் அவரும் போவார். அதனால் விழவில்லை. நிற்கவும் இல்லை, ஒட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. கல்லூரிக்கு மூணு வருஷம் அதே ரூட்டில்தான் போனேன். எத்தனை தடவை அவர் பஸ்ஸில் ஏறியிருப்பேன்! எப்படி நின்றார் என்பது எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கூட வந்த பசங்களுக்கு அவர் என் அப்பா என்று தெரியாது. நான் சொல்லவில்லை. பின்வாசலில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவரும் பக்கத்தில் வந்து, ஒண்ணும் பேசாமல், தன் சட்டைப் பையிலிருந்து காசெடுத்துத் தோல் பையில் போட்டுவிட்டு எனக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். மூணு வருஷமும் அப்படித்தான். அந்தக் கை மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அதனால்தான் நோட்டு மடிப்பும் விரலும் எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது, கால் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, அப்பா பஸ்ல எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு?"

"என்னடா காலங்காத்தால? எதையும் பிடிக்க மாட்டாரு. இடுப்பைச் சீட்டுக் கம்பியில முட்டுக் குடுத்துக்கிட்டு நிப்பாரு. இடது இடுப்புல கறுப்பாக் காய்ச்சுப் போய்க் கெடந்துச்சே, நீ பார்த்ததில்லையா? ராத்திரி ராத்திரி நான்தான எண்ணெய் தேய்ச்சு விடுவேன்."

நான் பார்த்ததில்லை. ஆனால் அம்மா சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. வீட்டிலும் அப்பா கதவு நிலையில் இடது இடுப்பைச் சாய்த்துக்கொண்டுதான் நின்று பேசுவார். அது அவருடைய ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு செகண்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை முகத்தைத் தொடவில்லை. இடுப்புதான் முதல். கனம் முழுக்க வலது காலில், இடது இடுப்பு சீட்டுக் கம்பியில். பிரேக்குக்கு ஆறு ஃபிரேம் முன்னாடியே உடம்பு பின்னால் போகிறது. பை நாலு ஃபிரேம் தாமதம். கை தானாக வந்து உட்கார்ந்தது.

இதற்கிடையில் ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "எதுக்கு சார் இந்தக் கஷ்டம்? ஏஐ-ல ரெண்டு வரி டைப் பண்ணினா வீடியோவே வந்துடுதே" என்றார். அதையும் செய்து பார்த்தேன். வந்தது. காக்கிச் சட்டை, மீசை, பஸ், எல்லாம் பளபளவென்று என்னுதை விட நன்றாகவே இருந்தது. ஆனால் அது என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பொண்ணு கேட்காமல் இருந்திருந்தால், அப்பாவின் இடுப்பில் ஒரு தழும்பு இருந்தது எனக்கு இந்த ஜென்மத்தில் தெரிந்திருக்காது.

இருபது வருஷமாக ஆடிட்டில் தப்புக் கண்டுபிடிக்கிறார்கள். பதில் எழுதுவோம், ஃபைலை மூடுவோம். இங்கேயும் தப்புத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் நம்ம எட்டு செகண்டை, நம்ம அப்பாவை, நம்மை விட உன்னிப்பாக ஏழு பேர் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிற தப்பு அது. ஏன் 'நல்லா இருக்கு' சொல்லக்கூடாது என்ற விதி இப்போது புரிகிறது. அன்றைக்கு அப்படிச் சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அடுத்த ரெண்டாவது சனிக்கிழமை புதுசைப் போட்டுக் காட்டினேன். ஓடி முடிந்ததும் அந்தப் பொண்ணு, "இப்போ நிக்கிறார்" என்றது. அவ்வளவுதான். மாஸ்டர் மட்டும் விசில் கயிறு கழுத்தோடு ஒட்டியிருக்கிறது என்றார். இருக்கிறதுதான்.

ராத்திரி அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீலக் குறி வந்து ரொம்ப நேரம் பதில் இல்லை. தங்கமணி, "அழுறாங்களோ என்னமோ, கூப்பிடுங்க" என்றாள். கூப்பிட்டேன்.

"பார்த்தேன், பார்த்தேன். நாலஞ்சு வாட்டி பார்த்துட்டேன். ஏண்டா, அப்பா பை வலது பக்கம்ல தொங்கும்? நீ இடது பக்கம் மாட்டி விட்டுருக்க. இடுப்புல இடிக்காதா?"

இடிக்கும்தான். மாத்தணும். இன்னொரு 19 மணி 12 நிமிஷம். அடுத்த ரெண்டாவது சனிக்கிழமைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, முடிச்சுடலாம்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாராவது பிளெண்டர் இறக்கினால், முதலில் பந்தைத் துள்ள விடுங்கள். அப்பாவெல்லாம் அப்புறம்.