மூன்றில் ஒரு பங்கு

கரும்பலகையில் பதினான்கு பீர்களின் பெயர்களைச் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே காய்ச்சிய ஊர், ஆல்கஹால் சதவீதம், ஒரு பைன்டின் விலை. கடைசி வரிக்கு மட்டும் பைன்ட் விலை இல்லை. 'பீப்பாயில் ஊறிய இம்பீரியல் ஸ்டவுட், 10.5%, மூன்றில் ஒரு பங்கு 4.60 பவுண்ட்' என்று இருந்தது. மனக்கணக்காகப் பெருக்கிப் பார்த்தேன். 568 மில்லிலிட்டர் கொண்ட முழு பைன்டுக்கு 13.80 பவுண்ட் வருகிறது. நம் பணத்தில் கிட்டத்தட்ட 1,600 ரூபாய்.

2025 நவம்பர், தெற்கு லண்டனின் பெர்மாண்ட்சியில் ஒரு மதுக்கூடம். என் அருகில் நின்ற நடுவயதுக்காரர் அந்தக் கடைசி வரியைக் கேட்டு வாங்கினார். அந்த பீர் திறந்திருக்கிறது என்று நண்பர் சொன்னதால் பிரைட்டனிலிருந்து ரயிலேறி வந்தாராம். சின்னக் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திச் சூடாக்கினார், முகர்ந்தார், வைத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்துத்தான் முதல் வாய் குடித்தார்.

இந்தக் காசு யார் யார் கைக்குப் போகிறது என்று ஊற்றிக்கொடுத்த இளைஞரிடம் கேட்டேன். "காய்ச்சுகிறவர்கள் இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களையே கேளுங்களேன். ஆனால் காலை ஆறு மணிக்குப் போக வேண்டும்" என்றார்.

போனேன்.

லண்டன் பிரிட்ஜிலிருந்து கிரீனிச் செல்லும் ரயில் பாதை 1836-இல் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் தரையைத் தொடாமல், எண்ணூறுக்கும் மேற்பட்ட செங்கல் வளைவுகளின் மேலேயே போகிறது. அந்த வளைவுகளின் அடியில் லாயம், கிடங்கு, கார் பட்டறை என்று காலத்துக்குக் காலம் ஏதோ ஒன்று இருந்து வந்திருக்கிறது. 2009-இல் கெர்னல் என்ற சிறிய பீர் ஆலை இப்படியொரு வளைவுக்குள் தொடங்கியது. அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். இப்போது சனிக்கிழமைகளில் வளைவு வளைவாக ஏறி இறங்கும் கூட்டம் இந்தத் தெருக்களை 'பீர் மைல்' என்கிறது. 2019-இல் ரயில் பாதைகளை வைத்திருக்கும் அரசு நிறுவனமான நெட்வொர்க் ரயில் தன் வணிக வளைவுகளை மொத்தமாக 146 கோடி பவுண்டுக்குத் தனியாருக்கு விற்றது. வாடகையைப் பற்றிக் கேட்டால் இங்கே எல்லாரிடமும் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது.

நான் போன ஆலை ஒற்றை வளைவு. உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடித்தது ஹார்லிக்ஸ் வாசனை. பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் காயவைத்து எடுத்ததுதான் மால்ட். சிறுவயதில் காய்ச்சல் வந்தால் மட்டும் கிடைத்த அந்தப் பாலின் மணம், குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற எனக்கு அங்கே கிடைத்தது. தலைக்கு மேல் முதல் ரயில் போனபோது தொட்டிகளில் ஒட்டியிருந்த நீர்த்துளிகள் ஒன்றாகச் சிலிர்த்தன.

வேலையில் இருந்தவர்கள் மூன்று பேர். தலைமைக் காய்ச்சுநர் ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு உதவியாக முப்பது வயதுப் பெண் ஒருவர், வண்டியும் ஓட்டி, கெக் எனப்படும் உலோகப் பீப்பாய்களையும் கழுவுகிற இளைஞர் ஒருவர். என்னை வரவேற்கவோ விளக்கவோ அவர்களுக்கு நேரமில்லை. "அந்தப் பக்கம் நில்லுங்கள், ஈரத்தில் வழுக்கும்" என்று அந்தப் பெண் சொன்னதுதான் முதல் பேச்சு. அவர் இருபத்தைந்து கிலோ மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அரவை இயந்திரத்தின் வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அன்று காய்ச்சியது ஸ்டவுட் என்ற அதே கறுப்பு பீரின் அடுத்த ஈடு. இவர்களுடைய வழக்கமான ஐந்து சதவீத பீருக்கு 350 கிலோ மால்ட் போட்டால் 1,600 லிட்டர் கிடைத்துவிடும். ஸ்டவுட்டுக்கு 800 கிலோ வேண்டும், கிடைப்பதோ 1,200 லிட்டர்தான். அத்தனை தானியத்தையும் தொட்டி ஒரே தடவையில் கொள்ளாது. அதனால் மேஷ் டன் எனப்படும் அந்தத் தொட்டியை ஒருமுறை நிரப்பி, ஊறவைத்து, சாறிறக்கி, சக்கையை அள்ளிக் கொட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து நிரப்புகிறார்கள். இந்த இரட்டை வேலையை விலைப்பலகை சொல்வதில்லை.

அரைத்த மால்ட் வெந்நீரோடு சேர்ந்து கெட்டிக் கூழாக விழுகிறது. சூடு 66, 67 டிகிரியில் நிற்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் தானியத்துக்குள் இருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். சூடு ஏறினால் அவை செத்துவிடும், இறங்கினால் வேறு பீர் ஆகிவிடும். தலைமைக் காய்ச்சுநர் வெப்பமானியைப் பார்த்தார். பிறகு தொட்டியின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தார். அச்சுவெல்லம் காய்ச்சுகிறவர் பாகை விரலிடுக்கில் எடுத்து உருட்டிப் பார்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கருவி வந்த பிறகும் கை தன் வேலையை விட்டுவிடுவதில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்து, இறங்கிய கறுப்புச் சாற்றை ஒரு டம்ளரில் பிடித்துக் கொடுத்தார்கள். புளிக்காத, போதையில்லாத வெறும் சாறு. கருகக் கருக வறுத்த பார்லியின் கசப்பும் மால்ட்டின் தித்திப்பும் சேர்ந்து, அது அப்படியே கருப்பட்டிக் காப்பி.

அதன் பிறகு வந்ததுதான் நான் மறக்க முடியாத வேலை. தொட்டியின் அடிப்பக்கக் கதவைத் திறந்ததும் ஆவி பறக்கச் சக்கை சரிந்தது. அந்தப் பெண் மண்வாரி போன்ற நீண்ட கரண்டியால் இழுத்து இழுத்துத் தொட்டிகளில் நிரப்பினார். ஒரு தடவைக்கு அரை டன். அன்று இரண்டு தடவை. கண்ணாடி ஆவியில் மூடிக்கொள்ள, அதைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டார். இடது முன்கையில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. தொட்டி கழுவும் காரத்தண்ணீர் கையுறைக்குள் போன நாளின் தழும்பாம். "பீர் காய்ச்சுகிறேன் என்றால் ஊரில் எல்லாருக்கும் பொறாமை. பத்து மணி நேர வேலையில் ஆறு மணி நேரம் கழுவுகிறேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கழுவிய தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான். சக்கையைக் கென்ட் பக்கத்து விவசாயி ஒருவர் மாட்டுத் தீவனத்துக்கு எடுத்துப் போகிறார்.

சாறு கொப்பரையில் மூன்று மணி நேரம் கொதித்தது. கசப்புக்கு ஹாப்ஸ் போட்டார்கள், குளிர்வித்தார்கள், ஈஸ்ட் விட்டார்கள். மாலைக்குள் முடிந்தது. ஆனால் அந்தப் பதினான்கு பீர்களில் இதை மட்டும் தனியாக்குவது பக்கத்து அறையில் தொடங்குகிறது.

அங்கே பன்னிரண்டு ஓக் பீப்பாய்கள் வரிசையாகக் கிடந்தன. அமெரிக்கச் சட்டப்படி பூர்பன் விஸ்கியை உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் ஊறவைக்க வேண்டும். ஒருமுறை விஸ்கி எடுத்த பீப்பாய் பூர்பனுக்கு மறுபடி உதவாது. அவை கடல் கடந்து ஸ்காட்லாந்துக்குப் போகின்றன, இப்படிப் பீர் காய்ச்சுகிறவர்களிடமும் வருகின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 200 லிட்டர். இரண்டு ஈடு காய்ச்சினால்தான் பன்னிரண்டும் நிறையும். ஸ்டவுட் அதற்குள் ஒன்பது மாதம் கிடக்கிறது. மரம் கொஞ்சம் குடிக்கிறது, காற்று கொஞ்சம் கொண்டுபோகிறது. சென்ற முறை ஒரு பீப்பாய் காடியாகிவிட்டது. அதைச் சாக்கடையில் திறந்துவிட்ட அன்று யாரும் யாரோடும் பேசவில்லை என்றார் தலைமைக் காய்ச்சுநர். மிச்சம் பதினொன்றைக் கலந்து முப்பது லிட்டர் கெக்குகளில் அடைத்தபோது அறுபத்துச் சொச்சம் வந்தது. வருடம் முழுவதற்கும் அவ்வளவுதான். பிரைட்டன்காரர் ரயிலேறி வந்ததன் காரணம் அது.

இந்த வகை பீரின் பிறப்பும் இந்தப் பக்கந்தான். இங்கிருந்து நடக்கும் தூரத்தில், சதக்கில், ஹென்றி த்ரேலின் ஆங்கர் ஆலை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே காய்ச்சிய வலுவான கறுப்பு பீர் ரஷ்யாவுக்குக் கப்பலேறியது. 'இம்பீரியல்' என்ற அடைமொழி அந்த ரஷ்ய அரசவையிலிருந்து ஒட்டிக்கொண்டது. த்ரேல் இறந்தபின் 1781-இல் ஆலை 1,35,000 பவுண்டுக்கு விலைபோனது. விற்பனையை முன்னின்று நடத்தியவர்களில் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனும் ஒருவர்.

மதியம் ரொட்டி தின்றுகொண்டே தலைமைக் காய்ச்சுநர் ஒரு பழைய விலைச்சீட்டின் பின்பக்கத்தில் எனக்காகக் கணக்குப் போட்டார். முப்பது லிட்டர் கெக் ஒன்றை மதுக்கூடத்துக்கு அவர்கள் கொடுப்பது 210 பவுண்டுக்கு. அதில் 52 பைன்ட் ஊற்றலாம். ஆக ஒரு பைன்டுக்கு 4.04 பவுண்ட். "இது எங்கள் காசு என்று நினைத்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கோடு போட்டார்.

பிரிட்டனில் பீருக்கான தீர்வை அதிலுள்ள ஆல்கஹாலின் அளவைப் பொறுத்தது. 3.5 சதவீதத்துக்குக் குறையாமல் 8.5 சதவீதத்துக்குக் கீழே இருந்து, குழாயில் ஊற்றி விற்கும் பீர் என்றால், 2025 பிப்ரவரியில் வந்த சலுகை விகிதப்படி லிட்டர் ஆல்கஹாலுக்கு அப்போது 18.76 பவுண்ட். சிறிய ஆலைகளுக்கு அதிலும் தள்ளுபடி உண்டு. 8.5-ஐத் தொட்டுவிட்டால் இரண்டு சலுகையும் போய், அப்போது 29.54 பவுண்ட். ஐந்து சதவீத பீர் பைன்டுக்கு முழுத் தீர்வையே 53 பென்ஸ்தான் ஆனது. இந்த ஸ்டவுட்டுக்கு 1.76 பவுண்ட். அதைக் கழித்தால் ஆலைக்கு நிற்பது 2.28. எண்ணூறு கிலோ மால்ட், பீப்பாய், ஒன்பது மாத வாடகை, கொட்டிய அந்த ஒரு பீப்பாய், மூன்று பேரின் சம்பளம் எல்லாம் இந்த 2.28-க்குள்தான் அடங்க வேண்டும்.

மதுக்கூடம் கேட்கும் 13.80-இல் ஆறில் ஒரு பங்கு, அதாவது 2.30, மதிப்புக்கூட்டு வரி. இரண்டு வரியும் சேர்ந்து 4.06 ஆகிறது. ஆலையின் 2.28-ஐயும் எடுத்துவிட்டால் மதுக்கூடத்திடம் 7.46 மிஞ்சுகிறது. பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உழைத்தவருக்கு ரெண்டேகால், ஊற்றினவருக்கு ஏழரையா?

மாலையில் மதுக்கூடத்தின் நிலவறைக்குப் போனபின் அந்தக் கோபம் பாதியாகக் குறைந்தது. என்னைக் காலை ஆறு மணிக்குப் போகச் சொன்ன அதே இளைஞர் அங்கே குனிந்து குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை பதினான்கு குழாய்களிலும் மருந்து ஓட்டி அலசுகிறார். ஒவ்வொரு தடவையும் குழாயில் நின்ற பீர் வாளிக்குப் போகிறது. ஐந்து சதவீத பீர் கெக் ஒரே இரவில் காலியாகும். ஸ்டவுட் கெக் பத்து நாள்கூட நிற்கும், அதுவரை ஒரு குழாய் அதற்கென்றே கட்டிக்கிடக்கும். குளிரூட்டி, வாடகை, நகராட்சி வரி எல்லாவற்றுக்கும் இந்த ஏழரைதான். இதையும் தாண்டி விலை வைக்கிறவர்கள் உண்டு. 2018-இல் லண்டனில் ஒரு மதுக்கூடம் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஸ்டவுட்டைப் பைன்ட் 22.50 பவுண்ட் என்று விற்றது நாளிதழ்ச் செய்தியானது. அன்று ஊரே கொதித்தது. ஆனால் பைன்டால் பெருக்கிப் பார்ப்பதே தவறு என்று இப்போது நினைக்கிறேன். 10.5 சதவீதத்தில் ஒரு பைன்ட் எவரும் குடிக்க வேண்டிய அளவு அல்ல. மூன்றில் ஒரு பங்கு என்ற சட்ட அளவு இங்கே இருப்பது இதற்குப் பொருத்தமாக இருக்கிறது.

என்னை உறுத்தியது வேறொரு எண். 2025 ஏப்ரலிலிருந்து இருபத்தொரு வயது நிறைந்தவருக்கு இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. நிலவறையில் குனிந்திருந்த இளைஞருக்குக் கிடைத்தது அதைவிடச் சில பென்ஸ் அதிகம். சக்கை அள்ளிய பெண்ணுக்கு அதைவிட ஒரு பவுண்ட் கூட. அவருடைய ஒரு மணி நேரம், அவர் காய்ச்சியதில் ஒரு பைன்டுக்குப் போதாது. குடிக்கிறவர் கொடுப்பது குறைவில்லை, வாங்குகிற எவரும் கொள்ளையடிக்கவும் இல்லை. அப்படியிருந்தும் கைக்கு வந்துசேரும்போது அது இவ்வளவு மெலிந்துவிடுகிறது. அந்தச் சீட்டை இன்னும் என் குறிப்பேட்டில் வைத்திருக்கிறேன்.

ஏழு மணிக்கு அந்தப் பெண்ணே மதுக்கூடத்துக்குள் வந்தார். தலை ஈரமாக இருந்தது, குளித்துவிட்டு நேராக வந்திருக்கிறார். கைப்பம்பில் இழுக்கும் நான்கு சதவீத பிட்டர் பீர் ஒரு பைன்ட் வாங்கினார். நான் ஸ்டவுட்டில் மூன்றில் ஒரு பங்கு வாங்கி முன்னால் வைத்திருந்தேன். குடித்துப் பாருங்கள் என்று அவர் பக்கம் தள்ளினேன். எடுத்து முகர்ந்தார், ஒரே ஒரு வாய் வைத்துக்கொண்டு நெடுநேரம் விழுங்காமல் இருந்தார். பிறகு கோப்பையை என்னிடம் திருப்பிவிட்டு, ஊற்றுகிற இளைஞரைக் கூப்பிட்டார்.

"இந்த கெக்கை எப்போது மாட்டினாய்?"

"வெள்ளிக்கிழமை."

"எவ்வளவு மிச்சம்?"

அவர் படியிறங்கிப் போய்த் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார். "பாதிக்குக் கொஞ்சம் மேலே."

"வாரக்கடைசிக்குள் போய்விடுமா? ரொம்ப நாள் நிற்கவிடாதே. வேண்டுமானால் ஐம்பது பென்ஸ் குறைத்துப் போடு."

"முதலாளியிடம் கேட்கிறேன்."

அவர் தன் பிட்டரை முடித்து, கோப்பையைத் தானே கொண்டுபோய் மேடையில் வைத்தார். மறுநாளும் ஆறு மணிக்கு மால்ட் அரைக்க வேண்டும்.

மேலே ஒரு ரயில் போனது. இளைஞர் கரும்பலகையின் முன் சுண்ணக்கட்டியோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எதையும் மாற்றாமல் அடுத்தவருக்கு ஊற்றப் போனார்.