கீழ் வீட்டுப் பாட்டியும் ஒரு சிறு விகுதியும்

வேற்று மொழியைக் கற்பதென்றால் அதன் சொற்களை மனப்பாடம் செய்வதே என்று நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறு என்பதைக் கொரிய நாட்டில், எங்கள் வீட்டிற்குக் கீழ் வீட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டியின் வாயிற்படியில் நின்றபோது உணர்ந்தோம். நிகழ்ச்சி சிறியதுதான். ஆயினும் குடும்பமாய் வாழ்வோர் யாவருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

2019 ஆம் ஆண்டில், பணியின் பொருட்டுத் தென்கொரியாவின் உல்சான் நகரில் குடியேறினோம். கப்பல் கட்டும் தளமும் மோட்டார் வாகனத் தொழிற்சாலையும் உள்ள துறைமுக நகர் அது. ஆறு வயது மகனும் நான்கு வயது மகளும் எங்களோடு வந்தனர். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் எங்களுக்கு வீடு கிடைத்தது.

எழுத்தைக் கற்பது எளிதாகவே இருந்தது. சேஜோங் மன்னர் 1443 இல் உருவாக்கி 1446 இல் மக்களுக்கு அறிவித்த 'ஹங்குல்' எழுத்துமுறை, கல்லாத எளியவரும் படிக்க வேண்டும் என்னும் நோக்குடன் அமைக்கப்பட்டது. இன்று அதன் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. இரண்டு வாரங்களில் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்தோம். சொற்களும் நாளடைவில் சேர்ந்தன. ஆனால் பேச்சு வரவில்லை. "மழை பெய்கிறது. குடை இல்லை. கடை எங்கே?" என்று துண்டு துண்டாகவே பேசினோம். எங்கள் நான்கு வயது மகளின் மழலைக்கும் எங்கள் கொரிய மொழிக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பங்குக் கோவிலில் ஞாயிறு திருப்பலிக்குப் பின், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வெளிநாட்டினருக்குக் கைம்மாறு கருதாமல் கற்பித்து வந்தார். எங்கள் பேச்சைச் சிறிது நேரம் கேட்ட அவர், "உங்களிடம் செங்கல் போதிய அளவு இருக்கிறது, சாந்துதான் இல்லை" என்றார். வாக்கியத்தை வாக்கியத்தோடு இணைக்கும் விகுதிகளையே அவர் சாந்து என்று குறிப்பிட்டார்.

அன்று முதல் அவ்விகுதிகளைக் கற்கத் தொடங்கினோம். கொரிய மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். இரண்டு செய்திகளை இணைக்க வேண்டுமானால், முதல் வினையின் பகுதியோடு ஒரு விகுதியைச் சேர்த்துவிட்டு மேலே செல்லலாம். 'ம்யொன்' என்று சேர்த்தால் 'செய்தால்' என்று பொருள். 'ஜிமான்' என்றால் 'செய்தாலும், ஆயினும்' என்று பொருள். 'ம்யொன்சொ' என்றால் 'செய்துகொண்டே' என்று பொருள். உடன் பயின்ற வேற்று நாட்டினர் சிலர் இதைக் கண்டு மலைத்தனர். அவர்கள் மொழிகளில் 'ஏனெனில்', 'மேலும்' போன்ற தனிச் சொற்களே இணைப்புக்குப் பயன்படுகின்றன. எங்களுக்கோ இது தாய்வீட்டு வழக்கமாகவே தோன்றிற்று. "காலையில் எழுந்து, முகம் கழுவி, செபம் சொல்லி, உணவு உண்டு, பள்ளிக்குச் சென்றான்" என்று நாம் தமிழில் சொல்கிறோம் அன்றோ? 'எழுந்து', 'கழுவி' என்பவற்றை நம் இலக்கணம் வினையெச்சம் என்று அழைக்கிறது.

இந்த ஒற்றுமையை முதலில் கண்டவர்கள் நாங்கள் அல்லர். மைசூர் மறைப்பணித்தளத்தில் ஊழியம் செய்த பிரெஞ்சுக் குரு ஷார்ல் தல்லே, கொரியத் திருச்சபையின் வரலாற்றை 1874 இல் வெளியிட்டார். அந்நூலின் முன்னுரையில் கொரிய இலக்கணத்தைத் திராவிட மொழிகளின் இலக்கணத்தோடு அவர் ஒப்பிட்டிருக்கிறார். ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905 இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. கட்டமைப்பில் காணும் ஒற்றுமை மட்டும் உண்மையே.

அந்த ஒற்றுமையே எங்களை அயரச் செய்தது. தமிழில் ஒரே வடிவத்தில் அடங்குவதைக் கொரிய மொழி இரண்டாகப் பிரிக்கிறது. "நண்பரைச் சந்தித்துத் திரைப்படம் பார்த்தோம்" என்கிறோம். இதில் 'கோ' என்னும் விகுதியை இட்டால், நண்பரைச் சந்தித்தது ஒரு செயல், படம் பார்த்தது வேறொரு செயல். 'அசொ' என்னும் விகுதியை இட்டால், சந்தித்த அந்நண்பரோடு சேர்ந்தே படம் பார்த்தோம் என்று பொருள்படும். "கோவிலுக்குச் சென்று செபித்தோம்" என்பதும் அவ்வாறே. 'அசொ' வந்தால்தான் சென்ற இடத்திலேயே செபித்தோம் என்பது விளங்கும். 'கோ' இரண்டு செயல்களை அடுத்தடுத்து நிறுத்தும். 'அசொ' முதற்செயலிலிருந்தே இரண்டாம் செயலைப் பிறப்பிக்கும். வினைக்கேற்ப அது 'ஒசொ' என்றும் 'ஹெசொ' என்றும் வடிவம் மாறும்.

இந்த 'அசொ' காரணத்தையும் உணர்த்தும். காரணம் காட்ட 'நிக்கா' என்று வேறொரு விகுதியும் உண்டு. "மழை பெய்கிறபடியால் குடை எடுத்துச் செல்" என்பது போலக் கட்டளையோ வேண்டுகோளோ பின்னால் வருமானால் 'அசொ' பொருந்தாது; 'நிக்கா'வையே சொல்ல வேண்டும். எங்கும் பொருந்துவது இதுவே என்று எண்ணி, நாங்கள் காரணம் சொல்ல நேர்ந்த இடமெல்லாம் 'நிக்கா'வையே பயன்படுத்தி வந்தோம்.

ஓர் இரவு கீழ் வீட்டுப் பாட்டி மேலே வந்து கதவைத் தட்டினார். அவருடைய கணவர் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். எங்கள் குழந்தைகள் ஓடும் ஓசையால் அவருக்கு உறக்கம் வரவில்லை. மாடிகளுக்கிடையே கேட்கும் இரைச்சல் அந்நாட்டில் அண்டை வீட்டாரிடையே பெரும் பிணக்குகளை உண்டாக்குகிறது; அதற்கென்றே அரசு சார்பில் ஆலோசனை மையம் ஒன்று இயங்குகிறது. நாங்கள் அஞ்சினோம். மறுநாளே ஒரு பை நிறையப் பேரிக்காய் வாங்கிக்கொண்டு கீழே சென்றோம். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைத் தலைகுனிந்து சொன்னோம்: "குழந்தைகள் சிறியவர்களாயிருப்பதால், மன்னியுங்கள்." சிறியவர்களாயிருப்பதால் என்பதற்கு 'ஒரினிக்கா' என்றோம்.

பாட்டியின் முகம் இறுகிற்று. "ஆம், சிறியவர்கள்தாம்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். பேரிக்காய் எங்கள் கையிலேயே இருந்தது.

அதன்பின் இரண்டு வாரங்கள், மின்தூக்கியில் நாங்கள் வணங்கினாலும் அவர் சுவரையே பார்த்து நின்றார். "அப்பா, ஹல்மொனிக்கு நம்மேல் கோபமா?" என்று மகன் கேட்டான். ஹல்மொனி என்றால் பாட்டி. மன்னிப்புக் கேட்ட பிறகும் கோபம் ஏன் என்று எங்களுக்கே விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு கல்மனமா என்று எங்களுக்கும் சினம் வந்தது.

ஞாயிறன்று ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "மன்னிப்புக்கும் நன்றிக்கும் முன்னால் 'நிக்கா' வரலாகாது" என்றார். 'நிக்கா' காரணத்தைக் கேட்பவர் முன் எடுத்து வைத்து, இது உமக்கே தெரிய வேண்டாமா என்று வாதாடும். குழந்தையை எச்சரிக்கவும் வழி சொல்லவும் அது நல்ல விகுதி. மன்னிப்பின் முன் வந்தாலோ, குழந்தைகள் என்றால் ஓடத்தான் செய்வார்கள், நீங்கள்தாம் பொறுக்க வேண்டும் என்றே காதில் விழும். 'அசொ' அவ்வாறு வாதாடுவதில்லை. நான் செய்தது இது, என் வருத்தம் இதிலிருந்தே பிறந்தது என்று அமைதியாகச் சொல்லும். "வாக்கியத்தில் குழந்தைகளை முன்னே நிறுத்திவிட்டு அவர்கள் பின்னால் நீங்கள் ஒளிந்துகொண்டீர்கள். உங்கள் செயலைச் சொல்லுங்கள்" என்றார்.

அச்சொல் எங்களைச் சுட்டது. ஏனெனில் அது இலக்கணப் பிழை மட்டும் அன்று. அன்று கீழே இறங்கிச் சென்றபோது எங்கள் உள்ளத்தில் இருந்ததும் அதுவே. மன்னிப்புக் கேட்கச் சென்றோம் என்று நினைத்தோம். உண்மையில் எங்கள் பக்க நியாயத்தைச் சொல்லவே சென்றிருந்தோம். அதை மறைக்கும் அளவுக்கு எங்களுக்குக் கொரிய மொழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலையே கூடத்திலும் நடைவழியிலும் தடித்த பஞ்சு விரிப்புகளை விரித்தோம். பின்பு மறுபடியும் படியிறங்கினோம். இம்முறை வெறுங்கையோடு சென்றோம். "சிக்குரொப்கே ஹெசொ ஜ்வேசொங்ஹம்னிதா" என்றோம். 'இரைச்சல் உண்டாக்கி, வருந்துகிறோம்' என்பது அதன் பொருள். குழந்தைகளின் வயதைச் சொல்லவில்லை. வேறொன்றும் சொல்லவில்லை.

பாட்டி சற்று நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லை. குழந்தைகள் ஓடிக்கொண்டேதானே வளர்வார்கள்" என்றார். 'ஓடிக்கொண்டே' என்பதற்கு அவர் சொன்னது 'த்வீம்யொன்சொ'. நாங்கள் சொல்லாமல் விட்ட நியாயத்தை, எங்களுக்காக அவரே எடுத்துச் சொன்னார்! மற்றொரு விகுதியால் அதை அழகாக இணைத்தும் கொடுத்தார். அடுத்த வாரம் எங்கள் மகனை அழைத்து, நோயுற்றிருந்த தாத்தாவிடம் கூட்டிச் சென்றார்.

அதன்பின் எங்கள் வீட்டுத் தமிழையும் நாங்கள் கவனிக்கத் தொடங்கினோம். கணவனும் மனைவியுமாகிய நாங்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்ட விதம் எத்தகையது? "வேலை மிகுதியாயிருந்தபடியால்தான் தாமதம்", "நீங்கள் முன்பே சொல்லாததால்தான் மறந்தேன்" என்றே பேசி வந்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு 'நிக்கா' மறைந்திருந்தது. கொரிய மொழியில் 'நுராகோ' என்றும் ஒரு விகுதி உண்டு. ஒன்றில் ஈடுபட்டு மற்றொன்றைத் தவறவிட்டேன் என்பதை அது உணர்த்தும். அதில் இரண்டு செயலுக்கும் எழுவாய் ஒருவரே இருக்க வேண்டும். பிறர்மேல் பழிபோட இலக்கணமே இடங்கொடாது. இப்பொழுதெல்லாம், "வேலையில் மூழ்கி உன்னைக் காக்க வைத்துவிட்டேன்" என்று சொல்லப் பழகி வருகிறோம். எல்லா நாளும் வெற்றி பெறுகிறோம் என்று சொல்ல மாட்டோம்.

தாய்நாடு திரும்பிய பின் கொரியச் சொற்கள் பல எங்களுக்கு மறந்துபோயின. ஆனால் வீட்டில் யாரேனும் மன்னிப்புக் கேட்கும்போது 'ஆதலால்' என்று தொடங்கினால், மகள் உடனே விரலை உயர்த்தி, "நிக்கா!" என்கிறாள். அந்த விகுதியைக் கேட்டதும் வாக்கியத்தை மீண்டும் முதலிலிருந்து சொல்கிறோம்.