ஓய்வு மண்டபத்தின் வாயில்

ஆகாய விமானப் பிரயாணம் ஒரு காலத்தில் சீமான்களுக்கே உரியதாயிருந்தது. இன்றோ சாமானியக் குடும்பங்களும் பெட்டி படுக்கைகளோடு சாங்கியிலும் கோலாலம்பூரிலும் வந்து நிற்கின்றன. பறப்பது பொதுவாகிவிட்டது, ஆனால், பறக்குமுன் காத்திருப்பது இன்னும் பொதுவாகவில்லை. அதற்கெனத் தனி மண்டபங்கள் உள. 'லவுஞ்ச்' எனப்படும் அவற்றில் மெத்தை நாற்காலி, சூடான உணவு, குளியலறை யாவும் உண்டு. அவ்வாயில் யாருக்கு, எவ்வாறு திறக்கிறது என்பதை நம்மவர் அறிந்திருத்தல் நலம்.

இதன் சரித்திரம் சுவையானது. 1939ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்தில் 'அட்மிரல்ஸ் கிளப்' என்னும் மண்டபத்தை அமைத்தது. நிறுவனம் யாரை அழைத்ததோ அவரே உள்ளே போகலாம். இது பாரபட்சமென்று 1960களில் முறையீடு எழுந்த பின்னரே, சந்தா கட்டியவர் அங்கத்தினராகலாம் என்ற நிலை ஏற்பட்டது. தானே திறந்த கதவு எது? அதைத் தட்டியவர் ஒருவர் இருந்தே தீருவார்.

இன்று வழிகள் மூன்று. முதலாவது, முதல் வகுப்பு அல்லது வணிக வகுப்புச் சீட்டு. எனினும், சில நிறுவனங்கள் மலிவாக விற்கும் வணிக வகுப்புச் சீட்டில் மண்டப உரிமை அடங்குவதில்லை. நிபந்தனையைப் படித்த பின்னரே பணம் கட்டுக.

இரண்டாவது, அடிக்கடி பறப்போருக்குரிய அந்தஸ்து. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் பன்னிரண்டு மாதங்களுக்குள் 50,000 எலீட் மைல் சேர்த்தவர் தங்க நிலை அடைகிறார். 1997இல் தோன்றிய ஸ்டார் அலயன்ஸ் கூட்டணியில் அந்நிறுவனமும் இருப்பதால், அவர் சாதாரண வகுப்பிற் பறந்தாலும் கூட்டணியின் மண்டபங்கள் பெரும்பாலும் அவரை ஏற்கும்.

மூன்றாவது, ரொக்கம். மலேசியாவிற் பிறந்த சோங் ஹோய் சீ என்பவர் வங்கி உத்தியோகத்திலிருந்தவரை வணிக வகுப்பிற் பறந்தவர். உத்தியோகத்தை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியதும் அவ்வாயில் அவருக்கு அடைபட்டது. அதன் பயனாக, எவ்வகுப்புப் பிரயாணியும் கட்டணம் செலுத்தி நுழையக்கூடிய பிளாசா பிரீமியம் மண்டபங்களை 1998இல் அவர் தொடங்கினார். 1992இல் தோன்றிய பிரயாரிட்டி பாஸ் போன்ற அட்டைகளும், சில வங்கிகளின் கடன் அட்டைகளும் இவ்வழியைச் சேர்ந்தவையே.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் தாய் தந்தையரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். தந்தையார் தோட்டத்தில் பால்மரம் சீவி நம்மை வளர்த்தவர். நமது கையில் தங்க அட்டை இருந்தது. அது ஒரு விருந்தினரை மட்டுமே அனுமதிக்கும். வாயிலில் நின்ற பெண் விதியைப் பணிவோடு எடுத்துரைத்தார். அவர்மீது குற்றமில்லை, விதியை வகுத்தவர் அவரல்லர். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, தம்பி, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார் தந்தையார். "எனக்கு எதற்கு? அப்பாவுக்குத்தான் கால் வலி" என்றார் தாயார். ஒருவருக்கொருவர் சோற்றை விட்டுக்கொடுத்தே பழகியவர்கள் நாற்காலியையும் விட்டுக்கொடுத்தனர். மூவரும் வெளியே அமர்ந்து, கட்டி வந்த இட்லியை உண்டோம்.

பணம் கொடுத்துச் சுகம் வாங்குவது பாவமன்று. அங்கே குலத்தைக் கேட்பாரில்லை என்பதும் நல்லதே. ஆயினும், கால் வலிக்கும் கிழவருக்குச் சாய்ந்திருக்க ஓர் இடம் என்பது சுகமா, தேவையா? தேவையென்றால் அதை அட்டையோடு பிணைப்பது நியாயமாகுமா? சாங்கியின் மூன்றாம் முனையத்திலுள்ள வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்குப் பிரயாணி எவரும் கட்டணமின்றிச் செல்லலாம். பூச்சியைப் பார்ப்பதற்குப் பொதுவிடம் தரக்கூடியவர்கள், முதியோர் முதுகு சாய்வதற்கும் தரலாமன்றோ? ஒரு நிலையத்தின் நாகரிகத்தை உள்ளேயிருக்கும் மெத்தையைக் கொண்டு மதிப்பிடலாகாது. வெளியே இருக்கும் பலகையைக் கொண்டே மதிப்பிட வேண்டும். உள்ளே செல்லும் வசதி பெற்றோரே அப்பலகைக்காகப் பேசவும் கடமைப்பட்டவர்கள்.